ஊட்டியும் கன்னியாகுமரியும் ஒரே பயணத்தில் முடியுமா? (மே மாதம், அம்மா, குழந்தைகள், சொந்த கார்)

காவிரிக்கரை, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மே முதல் பாதியில் குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வரலாம் என்று இருக்கிறோம். நானும் கணவரும், பத்து வயது மகள், ஐந்து வயது மகன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, படி ஏறுவது சிரமம், ஆனால் பயணம் என்றால் எங்களுக்கு முன்னால் பையை எடுத்து வைத்துவிடுவார். கணவருக்கு ஐந்து நாளுக்கு மேல் விடுப்பு கிடைக்காது. கார் எங்களுடையதுதான், நான்குவழிச் சாலையில் நன்றாக ஓட்டுவார், மலையில் ஓட்டிப் பழக்கமில்லை.

மகள் ஊட்டி ரயிலைப் பற்றிப் பள்ளியில் கேள்விப்பட்டதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகனுக்குக் கடலும் மணலும் இருந்தால் போதும். அம்மாவுக்குக் கன்னியாகுமரி பகவதி அம்மனைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் ஆசையையும் சேர்த்து, திருச்சியிலிருந்து ஊட்டி, அங்கே இரண்டு இரவு, நேராகக் கன்னியாகுமரி, அங்கே ஒரு இரவு, பிறகு வீடு என்று போட்டிருக்கிறோம். அறை எதுவும் இன்னும் பதிவு செய்யவில்லை, அதற்குள் கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

இந்தத் திட்டம் சரிவருமா? மலைக்குக் கார் கொண்டுபோக இ-பாஸ் என்கிறார்களே, அதை நாங்கள் எடுக்க வேண்டுமா, தங்குகிற விடுதியே எடுத்துக் கொடுக்குமா? வளைவுப் பாதையில் மகனுக்கு வாந்தி வரும், அதற்கு நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்? விடுதி ஆடம்பரமாக வேண்டாம். சுத்தமான அறை, வெந்நீர், அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட், முடிந்தால் தரைத்தளம், இவ்வளவு இருந்தால் போதும். போய்வந்தவர்கள் இருப்பதை இருப்பதுபோலச் சொல்லுங்கள்.

வைகைப்பாலம், மதுரை

சகோதரி, மதுரையில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். சீசன் முழுக்க இந்தப் பாதைகளில்தான் பிழைப்பு, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன், ஊட்டியையும் கன்னியாகுமரியையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மலை இறங்கி, கோயம்புத்தூர் நெரிசலைத் தாண்டி, மதுரை வந்து, அங்கிருந்து திருநெல்வேலி வழியாகக் குமரி போய்ச் சேர ஒரு பகல் முழுசாகப் போய்விடும். அதில் முழங்கால் வலி உள்ள அம்மா பின்சீட்டில் மடக்கிய காலோடு உட்கார்ந்திருக்க வேண்டும். திரும்பி வருவதற்கு இன்னொரு பகல். உங்களுக்கு இருப்பதே ஐந்து நாள், அதில் பாதியைக் காருக்குள் கழிக்க எதற்குக் கிளம்ப வேண்டும்?

மலையும் கடலும் ஒரே பாதையில் கிடைக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரர்களுக்கு அப்படி ஒரு சுற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, கொடைக்கானல் ஏறுங்கள். இறங்கி மதுரை, அங்கிருந்து பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம். திரும்பும்போது வந்த வழியே வராமல் தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி. எந்த நாளும் ஒரே மூச்சில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்காது. வழியில் திருமயம் கோட்டை இருக்கிறது, மகளுக்குக் காட்டலாம், அம்மா கீழே நிழலில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

இ-பாஸ் நீங்கள்தான் எடுக்க வேண்டும், விடுதிக்காரர் எடுத்துத் தர மாட்டார். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் செல்பேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்று கொடுத்தால் க்யூஆர் கோடோடு வந்துவிடும், அதைச் சோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். கட்டணம் கிடையாது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இந்த வருடம் எண்ணிக்கை என்னவென்று பாஸ் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதி முடிவானதும் முதல் வேலையாக எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள். பலர் தலைகீழாகச் செய்து, அறைக்குப் பணம் கட்டிவிட்டு மலையடிவாரத்தில் நிற்கிறார்கள்.

அப்புறம் ஓட்டுவது. உங்கள் கணவரிடம் இதை அப்படியே காட்டுங்கள். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற வேலையே கூடாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிக் கருகுகிற வாடை வரும், அதற்குப் பிறகு பிரேக் பிடிக்காது. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். வளைவில் ஹாரன் அடியுங்கள், முந்தாதீர்கள், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள், பஸ் வளைவை முழுசாக எடுக்கும்வரை தள்ளியே நில்லுங்கள். இருட்டில் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். மலையடிவாரத்துக் காமக்காபட்டி சோதனைச் சாவடியைக் காலை ஒன்பதுக்குள் தாண்டிவிட்டால் பாதை நிம்மதியாக இருக்கும்.

பையனுக்கு: ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அதற்கு மேல் எதுவும் வேண்டாம், பால் கூடவே கூடாது. கையில் செல்போன் கொடுக்காதீர்கள், குனிந்து பார்த்தால்தான் புரட்டும். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் ஊத்து என்கிற ஊர்ப் பக்கம் ஒரு தடவை நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள். மாத்திரை கொடுப்பதானால் உங்கள் குழந்தை மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்னாலேயே கொடுங்கள், பாதி வழியில் கொடுத்தால் பயனில்லை.

கொடைக்கானலில் அம்மாவுக்கு ஏற்ற இடங்கள் பிரையண்ட் பூங்கா, ஏரியைச் சுற்றி ஒரு குதிரை வண்டி, கோக்கர்ஸ் வாக். கோக்கர்ஸ் வாக்குக்குக் காலையிலேயே போங்கள், மதியம் பனி மூடிவிட்டால் பள்ளத்தாக்கு தெரியாது. ஊருக்குள் இருக்கிற பத்து 'பாயிண்ட்'டையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பினால் பார்க்கிங்கிலேயே நாள் போய்விடும். அதற்குப் பதிலாக ஒரு நாளைப் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் கொடுங்கள். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில், சுற்றிலும் படிப்படியாகப் பூண்டு வயல், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அதுதான். மன்னவனூரில் புல்வெளி, ஏரி, ஆட்டுப்பண்ணை, பிள்ளைகள் ஓடலாம். அந்தச் சாலை குறுகல், அந்த ஒரு நாளுக்கு மட்டும் உள்ளூர் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணவரும் ஜன்னல் வழியே நாலு இடம் பார்ப்பார்.

தேயிலைக்காடு, கோத்தகிரி

வைகைப்பாலம் அண்ணன் சொன்னதோடு முழுசாக உடன்படுகிறேன், நீலகிரிக்காரன் என்ற முறையில் ஊட்டியைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். அக்கா, உங்கள் மகளின் ரயில் ஆசையை மே மாதத்தில் செலவழிக்காதீர்கள். ஐஆர்சிடிசியில் பயணத் தேதிக்கு 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும், கோடை விடுமுறைத் தேதிகள் திறந்த உடனேயே தீர்ந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 வண்டியில் ஏறினால்தான் அந்த ரயிலின் சிறப்பே தெரியும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் இருக்கிறது, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும், அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தால் எதிரே மறைப்பே இருக்காது. 1899-ல் குன்னூர் வரை வந்தது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது, 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இவ்வளவு இருக்கிற ஒன்றை, டிக்கெட் கிடைக்காமல் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் நெரிசலில் நின்றபடி போய்விட்டு "பார்த்தாச்சு" என்று சொல்லவைப்பது பிள்ளைக்குச் செய்கிற நியாயமில்லை.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையில் வாருங்கள். அப்போது எங்களுக்கு இரண்டாவது சீசன், கூட்டம் பாதிகூட இருக்காது, மலை பச்சையாக இருக்கும். ஜூலை கடைசியிலேயே டிக்கெட் போட்டுவிடலாம். அக்டோபர் நடுவுக்கு மேல் தள்ளாதீர்கள், வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் கல்லாறு, ஹில்குரோவ் பக்கம் மண் சரிந்து நாள்கணக்கில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, வண்டி நிற்கிற நிலையங்களில் இறங்கித்தான் போக வேண்டும், அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரயிலில் ஏறி, இறங்கும்போது பஸ்ஸில் இறங்கினால் நேரமும் மிச்சம். அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இ-பாஸும் தேவையில்லை.

தங்குவது ஊட்டிக்குள் வேண்டாம். குன்னூரிலோ எங்கள் கோத்தகிரியிலோ தங்குங்கள், குளிர் அளவாக இருக்கும், அறையும் மலிவு. கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனை போனால் கீழே தெங்குமரஹாடாவும் மாயாறும் தெரியும்.

இ-பாஸ் தொல்லை என்று இங்கே பலரும் எழுதுகிறார்கள். மே மாதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் மருத்துவமனைக்குப் போக ஆம்புலன்ஸ் எத்தனை நேரம் நிற்கிறது என்று ஒரு நாள் வந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பல தெருக்களுக்குக் குடிநீர் தினமும் வராது, அதே மாதத்தில்தான் விடுதிகள் எல்லாம் நிரம்பி வழிகின்றன. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், குடிநீர் நிரப்ப ஆங்காங்கே வாட்டர் ஏடிஎம் இருக்கிறது. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, பர்லியார் சாலையோரம் யானை நிற்கும். பார்த்தால் தள்ளியே நிறுத்திக் காத்திருங்கள், இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். குரங்குக்கு எதையும் போடாதீர்கள், பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்குகள் சாலையில் அடிபட்டுச் சாவதை நாங்கள்தான் பார்க்கிறோம்.

முக்கடல், நாகர்கோவில்

எல்லோரும் சேர்ந்து அந்த அம்மாவின் ஆசையை விட்டுவிட்டீர்களே. கன்னியாகுமரியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கைவிடாதீர்கள். திருச்சியில் நிற்கிற வந்தே பாரத் நாகர்கோவில் வரை வருகிறது, கால் நீட்டி உட்கார்ந்து அரை நாளுக்குள் வந்துவிடலாம், இங்கிருந்து குமரிக்கு டாக்ஸியோ பஸ்ஸோ பிடித்தால் கொஞ்ச நேரம்தான்.

மே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணம். அந்தச் சமயத்தில் காற்றும் அலையும் ஏறினால் விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகை எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவார்கள். படகுத் துறையில் வரிசையும் நீளம், நிழல் குறைவு. 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம் வந்த பிறகு பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம், 77 மீட்டர்தான், ஆனால் பாறைகளில் படி உண்டு, அம்மாவுக்குச் சிரமம். டிசம்பர் கடைசியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும், பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் அருமை. அம்மன் கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது, காலையில் சூரிய உதயம் பார்த்த கையோடு தரிசனம் முடித்துவிடலாம்.

இன்னொன்று, ஐந்து வயதுப் பையன் இறங்கி விளையாடுகிற கடல் குமரிமுனையில் கிடையாது. பாறையும் இழுப்பும் அதிகம், முட்டத்திலும் அப்படித்தான். கரையில் நின்று பார்க்கத்தான் எங்கள் கடல். அதனால் இந்தத் தடவை மகனுக்காக ராமேஸ்வரம் என்பது சரியான முடிவு.

அரியமான், ராமநாதபுரம்

தங்கச்சி, எங்கள் பக்கம் வருகிறீர்கள் என்பதால் கடலைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன், வெளியூர்க்காரர்கள் கடலில் இறங்குகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கை இங்கே பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வோம். மே மாதத்தில் தென்மேற்குக் காற்று எழும்போது தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். மகன் விளையாட வேண்டியது வடக்குப் பக்கம். அதற்கு அரியமான் கடற்கரை வாருங்கள், ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வருகிற வழியில் உச்சிப்புளி பக்கம் திரும்ப வேண்டும். நெடுந்தூரம் ஆழமில்லாத தண்ணீர், சவுக்குத்தோப்பு நிழல், அம்மா நாற்காலி போட்டு உட்காரலாம். அப்போதும் பையன் முட்டி அளவுக்கு மேல் போகக் கூடாது, ஒருவர் கண் அவன்மேலேயே இருக்கட்டும்.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனையில் இறங்கவே இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், அடியில் நீரோட்டம் இழுக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தைப் பார்க்காமல் போகக் கூடாது. 2017-ல் முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது, அம்மா காரிலேயே வரலாம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு போனது, ஊரும் போனது, தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கின்றன. என் தாத்தா தலைமுறை அதைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும். அந்தச் சுவர்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் கல்லில் பெயர் கீறுவதும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவாருங்கள். காலை ஒன்பதுக்குள் போய்த் திரும்பிவிடுங்கள், அதற்குப் பிறகு மணல் கொதிக்கும், நிழலே கிடையாது. மாலையில் இருட்டுவதற்கு முன்னாலேயே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோயிலில் 22 தீர்த்தமும் ஆட வேண்டுமென்றால் தரை முழுக்க ஈரம், வழுக்கும். அம்மாவை ஒருவர் கையைப் பிடித்தே கூட்டிப்போங்கள், அல்லது அவருக்கு அக்னி தீர்த்தத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நேராகத் தரிசனம் போதும். ஈர உடையோடு சந்நிதிக்கு விட மாட்டார்கள், மாற்று உடை கையில் இருக்கட்டும். அமாவாசையன்று வரவே வேண்டாம், தர்ப்பணக் கூட்டத்தில் கார் ஊருக்குள் நுழையாது.

பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புது ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். பாலத்தின் மேல் காரை நிறுத்தாதீர்கள், தாண்டி நிறுத்திவிட்டு வந்து பாருங்கள்.

மீன் சாப்பிட ஆசையிருந்தால் ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம். அதனால் "இன்று பிடித்த வஞ்சிரம்" என்று பெரிய மீனைக் காட்டினால் அது பெரும்பாலும் ஐஸில் இருந்து வந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற நகரை, கணவாய், நண்டு கிடைக்கும், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அந்தக் காசு அவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

காவிரிக்கரை, திருச்சி

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீட்டில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். ஊட்டி ரயில் செப்டம்பருக்கு என்றதும் மகள் முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள், எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும் என்பதைக் கேட்டதும் சமாதானமாகி, முதல் பெட்டிதான் வேண்டும் என்கிறாள். குமரி பிப்ரவரியில் என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார். இப்போது கொடைக்கானல், ராமேஸ்வரம் உறுதி. எதை முதலில் வைப்பது? கொடைக்கானலிலிருந்து ஒரே நாளில் ராமேஸ்வரம் போய்விடலாமா, இல்லை மதுரையில் இரவு தங்க வேண்டுமா?

வைகைப்பாலம், மதுரை

மலைதான் முதலில். உங்கள் கணவர் களைப்பில்லாமல் இருக்கும்போது ஏறட்டும், கடைசி நாளில் சமவெளிச் சாலையில் வீடு திரும்பட்டும். திங்கள் விடியற்காலை ஐந்துக்குத் திருச்சியில் கிளம்புங்கள், வார இறுதிக் கூட்டம் இறங்கியிருக்கும். திங்கள், செவ்வாய் இரவு கொடைக்கானல். புதன் காலைச் சாப்பாடு முடித்து இறங்கி, மதியத்துக்கு மேல் மதுரை, அங்கே இரவு. ஒரே நாளில் ராமேஸ்வரம் முடியாதா என்றால் முடியும், ஆனால் மலை இறங்கிய உடம்போடு மேலும் 170 கிலோமீட்டர் வெயிலில் போனால் அன்று மாலை யாருக்கும் கடலைப் பார்க்கிற தெம்பு இருக்காது. வியாழன் காலை கிளம்பி அரியமானில் நிறுத்தி, அந்த அக்கா சொன்னபடி பையனை விளையாடவிட்டு, இரவு ராமேஸ்வரம். வெள்ளி விடியலில் தனுஷ்கோடி, பிறகு கோயில், மதியச் சாப்பாட்டுக்கு மேல் காரைக்குடி வழியாக வீடு. கோயில் நடை மதியம் சாத்துவார்கள், அதற்குள் தரிசனம் முடித்துவிடுங்கள்.

மதுரையில் ஊருக்குள் தங்க வேண்டாம், பைபாஸ் பக்கம் பாருங்கள். உங்கள் தேதி சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருகிறதா என்று காலண்டரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் மதுரைக்குள் கார் நகராது, அறையும் கிடைக்காது. அப்படி வந்தால் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் பிரேக் பேடும் டயர் காற்றும் ஸ்டெப்னியும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், வத்தலக்குண்டில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.